அரைத் தாடி மாப்பிள்ளை

மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்துவிட்டு ஜெஸிமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தாடி நல்லா இருக்கு. முகம் எங்கே?"

அந்தக் கேள்வி பாலக்கரையில் இருந்த அவள் வீட்டிலிருந்து தரகர் வழியாகக் கிளம்பி, நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில் செல்போன் கடை வைத்திருந்த ஹாலித்தின் காதுக்கு வந்து சேர்ந்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை. போட்டோவை எடுத்துப் பார்த்தான். அவள் கேட்டது நியாயம்தான். துபாயில் நாலு வருஷம் ஆசையாக வளர்த்த தாடி கண்ணுக்குக் கீழே தொடங்கி நெஞ்சு வரைக்கும் காடாகக் கிடந்தது. நடுவில் மூக்கு மட்டும் வழி தவறி வந்தது போல நின்றது.

பெண் வீட்டார் அன்று சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. காலையில் கடையைத் திறந்து வைத்துவிட்டு எதிர்ச் சாரியில் இருந்த ஜமாலின் சலூனுக்குப் போனான். ஜமால் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. "தாடிய எடுடா" என்று ஹாலித் சொன்னதும் ஜமால் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மச்சான், யாரு அந்தப் புண்ணியவதி?" என்று கேட்டான்.

டிரிம்மர் ஓடியது. இடது கன்னம் சுத்தமாக வெளுத்தது. இடது பக்க மீசையும் போயிற்று. வலது பக்கத்தில் டிரிம்மரை வைக்கப் போன நேரம் தெருமுனையில் 'டமார்' என்று ஒரு சத்தம். டிரான்ஸ்பார்மரில் ஓர் அணில் எதையோ தொடக் கூடாததைத் தொட்டுவிட்டது. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. டிரிம்மரில் பேட்டரி கிடையாது.

ஜமால் மெதுவாகச் சொன்னான். "பிளேடு போட்டு எடுத்துடவா?"

"வேணாம்டா! பிளேடு பட்டா அரை மணியில மூஞ்சி பூரா கொப்புளம் வந்துடும். சாயங்காலம் அவங்க என் மூஞ்சியப் பார்க்க வர்றாங்க, கொப்புளத்தப் பார்க்கவா வர்றாங்க?"

ஹாலித்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பயம் வந்தால் சிரிப்பும் கூடவே வந்துவிடும். கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் அடக்க முடியாமல் சிரித்தான். ஒரு பக்கம் பச்சைக் குழந்தை. இன்னொரு பக்கம் காட்டுவாசி.

வெயில் ஏறி ஈ.பி. ஜீப் வந்து நின்றதுதான் தாமதம், கழுத்தில் கட்டிய சலூன் துணி பின்னால் பறக்க ஓடிப்போய் ஜீப்பை மறித்தான். லைன்மேன்களோடு இறங்கிய உதவிப் பொறியாளர் மலர்க்கொடி அவனைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், கொஞ்சம் சீக்கிரம் போடுங்க. சாயங்காலம் பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. இப்படியே நின்னா பாதிப் பொண்ணுதான் குடுப்பாங்க!"

மலர்க்கொடிக்கு அன்று காலையில்தான் மாற்றல் உத்தரவு வந்திருந்தது. வீட்டில் அழுதுவிட்டு வந்திருந்தார். அப்படிப்பட்டவர் ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தெருவே கூடி நின்று சிரித்தது. ஹாலித்தும் சிரித்தான். லைன்மேன் வேலையை முடிக்கும் வரை மலர்க்கொடியின் பக்கத்திலேயே நின்று "ஆச்சா மேடம், ஆச்சா மேடம்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். மத்தியானத் தொழுகைக்கு பாங்கு சொல்லும் நேரத்தில்தான் கரண்ட் வந்தது.

சாயங்காலம் வந்த பெண் வீட்டாருக்கு முழு முகமும் பிடித்துப்போனது. சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதே நாள் பதினொரு மணிக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையில் நடந்து போய்க்கொண்டிருந்த விளையாட்டு டீச்சர் விஜயராணியின் கழுத்திலிருந்து ஐந்து பவுன் சங்கிலியை ஒருவன் பறித்துக்கொண்டு போனான். சிவப்பு பைக். தலையில் ஹெல்மெட் இல்லை. நெஞ்சு வரைக்கும் தாடி. டீச்சர் விசில் ஊதிப் பழகிய தொண்டையால் கத்தினார். ஆனால் பைக் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் போலீஸ் ஹாலித்தின் கடைக்கு வந்தது. அவனிடமும் சிவப்பு பைக். கேமராவில் பாதி தெரிந்த நம்பரோடு அவன் நம்பரின் கடைசி இரண்டு எண் ஒத்துப்போனது. கடைப் பலகையிலோ தாடியோடு அவன் படமே சிரித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு போதுமாக இருந்தது. சிறையில் கிடந்த வாரங்களில் தாடி மறுபடி வளர்ந்தது. அடையாள அணிவகுப்பு நடந்த அன்று, வரிசையாக நின்ற தாடிக்காரர்களில் விஜயராணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நேரே வந்து ஹாலித்தின் நெஞ்சில் விரலை வைத்தார்.

"இவன்தான். இந்த மூஞ்சிய நான் எங்கே பார்த்தாலும் சொல்லுவேன்."

ஹாலித்துக்குப் பயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கீழ்க் கோர்ட்டில் அவனுக்காக வாதாடிய வக்கீல் அரைத் தாடிக் கதையை வெளியே எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். "திருடிட்டு வந்து அடையாளத்த மறைக்க ஷேவ் பண்ணான்னு திருப்பிடுவாங்க தம்பி. சலூன்ல உட்கார்ந்திருந்தேன்னு மட்டும் சொல்லு." ஜமால் வந்து அவ்வளவுதான் சொன்னான். கூட்டாளியின் சாட்சி எடுபடவில்லை. விஜயராணி டீச்சர் கூண்டில் நிமிர்ந்து நின்று சொன்னது எடுபட்டது. இரண்டு வருஷம் தண்டனை. மேல்முறையீடு செய்யும் வரை தண்டனையை நிறுத்தி வைத்ததால் ஜாமீனில் வீட்டுக்கு வந்தான்.

அவன் அத்தா காஜா மைதீன் பெண் வீட்டுக்குப் போய், "உங்க புள்ளைக்கி வேற இடம் பாருங்க" என்று தலையைக் குனிந்தபடி சொன்னார். உள்ளேயிருந்து ஜெஸிமா வெளியே வந்தாள்.

"மாமா, அன்னிக்கி அவரு எப்படி நின்னாருன்னு அந்தத் தெருவே சிரிச்சிட்டு இருக்கு. பாதித் தாடியோட இருந்தவரு எப்படி முழுத் தாடியோட திருடியிருப்பாரு? இத யாராவது கோர்ட்டுல கேட்டாங்களா, இல்லையா?"

காஜா மைதீன் குனிந்த தலையை நிமிர்த்தினார். யாரும் கேட்கவில்லை.

அப்படித்தான் வழக்கு வக்கீல் சம்ரீனிடம் வந்தது. சம்ரீன் ஜெஸிமாவுக்குக் கல்லூரியில் மூன்று வருஷம் மூத்தவள். கன்டோன்மென்டில் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். ஹாலித் கதையைச் சொல்லச் சொல்ல அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ஜீப்பை மறித்த இடம் வந்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"மன்னிச்சுக்குங்க" என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள். "இப்ப சொல்லுங்க. அன்னிக்கி உங்களப் பார்த்ததுல சொந்தம் இல்லாதவங்க, சிநேகிதம் இல்லாதவங்க யாரு?"

"எல்லாரும் நம்ம தெரு ஆளுங்கதான் மேடம்."

"நல்லா யோசிங்க."

ஹாலித் யோசித்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "ஈ.பி. மேடம்!"

விசாரித்ததில் மலர்க்கொடி மாற்றலாகி முசிறியில் இருப்பது தெரிந்தது. மறுநாளே சம்ரீனும் ஹாலித்தும் அவன் அத்தாவும் முசிறி பஸ்ஸில் ஏறினார்கள். வழியெல்லாம் ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் வாழை. ஹாலித்துக்கு ஒரே யோசனை. அவர் ஞாபகம் வைத்திருப்பாரா? வைத்திருந்தாலும் கோர்ட்டுக்கு வருவாரா? நினைக்க நினைக்கச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

மலர்க்கொடி மேஜைக்குப் பின்னாலிருந்து ஹாலித்தை ஏற இறங்கப் பார்த்தார். இப்போது அவனுக்குத் தாடி இல்லை.

"சொல்லுங்க. புது கனெக்ஷனா?"

"மேடம், என்னத் தெரியலீங்களா?"

"தெரியலையே தம்பி. நீங்க யாரு?"

சம்ரீனின் முகம் வாடியது. காஜா மைதீன் 'யா அல்லாஹ்' என்று நாற்காலியில் சரிந்தார். ஹாலித்துக்கு என்ன தோன்றியதோ, மேஜை மேல் கிடந்த கறுப்பு ஃபைலை எடுத்து, முகத்தின் வலது பாதியில் மூக்கோடு சேர்த்துச் செங்குத்தாக வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் கெஞ்சினான்.

"ஆச்சா மேடம்? கரண்ட் ஆச்சா மேடம்?"

மலர்க்கொடி முன்னால் குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலி பின்னால் சாய, "ஐயோ! பாதிப் பொண்ணு!" என்று அலறினார். ஆபீஸே எழுந்து ஓடிவந்தது. விஷயம் புரியாமலே எல்லோரும் சிரித்தார்கள். காஜா மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பியூன் கொண்டுவந்த டீ பாதி மேஜையில் கொட்டியது.

சிரித்து முடித்து விஷயத்தைக் கேட்டதும் மலர்க்கொடியின் முகம் மாறியது. "அந்தச் சங்கிலியப் பறிச்சது நீங்கன்னா சொல்றாங்க? பதினொரு மணிக்கா? அப்ப நீங்க என் உயிர வாங்கிட்டு இருந்தீங்களேப்பா!" என்றார். "எந்தக் கோர்ட்டுக்கு வரணும்னு சொல்லுங்க, வரேன்."

கூடுதல் சாட்சி கேட்டு சம்ரீன் போட்ட மனுவை செஷன்ஸ் கோர்ட் ஏற்றுக்கொண்டது. விசாரணை நாளில் ஜில்லா கோர்ட் வளாகத்தில் நத்தர்ஷா பள்ளிவாசல் தெருவே வந்து நின்றது. ஜமால் சலூனைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். ஜெஸிமா தன் அண்ணன் நஸ்ருல்லாவோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முன் வரிசையில் விஜயராணி டீச்சர், முதுகை வளைக்காமல்.

மலர்க்கொடி கூண்டில் ஏறினார். சம்ரீன் கேட்டாள்.

"அன்னிக்கி நீங்க அந்தத் தெருவுக்கு எத்தன மணிக்குப் போனீங்க?"

"பத்தரை இருக்கும்."

"அங்க என்ன பார்த்தீங்க?"

"டிரான்ஸ்பார்மர் பார்த்தேன். அப்புறம்..." மலர்க்கொடி ஹாலித் நின்ற பக்கம் திரும்பினார். திரும்பியிருக்கக் கூடாது. மூக்கு துடித்தது. "அப்புறம் இவரு ஓடி வந்தாரு. ஒரு பக்கம்... ஒரு பக்கம் மட்டும்..." அதற்கு மேல் முடியவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடக்க அடக்க அது விக்கலாக மாறியது. பின்னால் ஜமால் கனைத்தான். யாரோ மூக்குச் சிந்தினார்கள். டவாலி "சைலன்ஸ்" என்று சொல்ல வாயெடுத்து, 'சை'யோடு திரும்பிக்கொண்டார்.

"சாட்சி தண்ணி குடிக்கட்டும்" என்றார் நீதிபதி. தன் கண்ணாடியைக் கழற்றி, தேவைக்கு மேலேயே நெடுநேரம் துடைத்தார்.

ஹாலித் மட்டும் அன்று சிரிக்கவில்லை. ராட்டினத்தின் உச்சியில் நிற்பது போல இருந்தது. இறங்கப் போகிறதா, அறுந்து விழப் போகிறதா?

அரசு வக்கீல் அரவிந்தன் எழுந்தார். அதட்டாதவர், ஆனால் கூர்மையானவர்.

"மேடம், தன் அடையாளத்த மறைக்கத்தான் அவர் தாடிய எடுத்தாருன்னு நான் சொல்றேன்."

"மறைக்கிறவரு பாதித் தாடியோட நடுத்தெருவுல வந்து ஈ.பி. ஜீப்ப மறிப்பாரா சார்? பார்க்காதவங்கள்லாம் அன்னிக்கித்தான் அவரப் பார்த்தாங்க."

அரவிந்தன் சற்று நிறுத்தி, மெல்லக் கேட்டார். "சரி. முசிறியில இவர் உங்க முன்னாடி வந்து நின்னப்ப, அடையாளம் தெரிஞ்சுதா?"

சம்ரீன் கையிலிருந்த பேனாவை இறுக்கிப் பிடித்தாள். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று மலர்க்கொடியிடம் அவளே சொல்லியிருந்தாள்.

"தெரியல சார்."

"கொஞ்சம் சத்தமா."

"தெரியல. புது கனெக்ஷனான்னு கேட்டேன். அவரு பாதி மூஞ்சிய மறைச்சுக் காட்டினப்பதான் தெரிஞ்சுது."

அரவிந்தன் நீதிபதியின் பக்கம் திரும்பினார். முகத்தில் வெற்றி தெரிந்தது. "பட்டப்பகல்ல, பக்கத்துல நின்னு, ஒரு மணி நேரத்துக்கு மேல பார்த்த ஆள உங்களால அடையாளம் சொல்ல முடியல. அப்படித்தானே?"

"அப்படித்தான் சார்" என்றார் மலர்க்கொடி. "எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. நான் பார்த்ததெல்லாம் தாடியத்தான், முகத்த இல்ல. ஆனா அந்தத் தெருவுல அன்னிக்கி அரைத் தாடியோட ரெண்டு பேரு இருந்திருக்க மாட்டாங்க. 'ஆச்சா மேடம்'னு அவரு நச்சரிச்சதும் அன்னிக்கி அங்க இருந்தவங்களத் தவிர வேற யாருக்கும் தெரியாது."

எழுதிக்கொண்டிருந்த நீதிபதியின் கை நின்றது. நிமிர்ந்தார்.

"மிஸ்டர் அரவிந்தன். இவங்க அவ்வளவு நேரம் பார்த்தும் தாடி இல்லாம அடையாளம் தெரியலங்கறீங்க. உங்க சாட்சி எவ்வளவு நேரம் பார்த்தாங்க?"

அரவிந்தன் வாதத்தைத் தானே நடத்திக்கொண்டு போய் எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் பார்த்தார். நல்ல மனுஷர். கேள்வியைச் சுற்றி வளைக்கவில்லை. "பைக் கடந்து போற நேரம்தான் ஐயா."

"அவங்களும் முகத்தப் பார்த்தாங்களா, தாடியப் பார்த்தாங்களா?"

முன் வரிசையில் விஜயராணி முதல் தடவையாக முதுகைச் சாய்த்தார்.

தீர்ப்புக்கு இன்னொரு நாள் குறித்தார்கள். அன்று நீதிபதி வாசித்ததில் ஹாலித்துக்குப் பாதி விளங்கவில்லை. "அடையாளம் காட்டியவர் பொய் சொல்லவில்லை, தவறியிருக்கிறார்" என்பது காதில் விழுந்தது. "சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்தது நம்பத்தக்க விதத்தில் நிரூபணமாகிறது" என்பது விழுந்தது. "விடுதலை" என்றது மட்டும் காதில் விழாமல் நேரே காலுக்குப் போய்விட்டது. கால் துள்ளியது. ஜமால் வந்து கட்டிப்பிடித்ததில் இருவரும் ஒரு பெஞ்சைத் தள்ளிக்கொண்டு விழுந்தார்கள். காஜா மைதீன் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிச் சொல்லி டவாலியின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அந்த மனுஷரும் விடாமல் குலுக்கினார்.

வராந்தாவுக்கு வந்தபோது விஜயராணி டீச்சர் தனியாக நின்றிருந்தார். ஹாலித் தயங்கி நின்றான்.

"நான் பொய் சொல்லல தம்பி" என்றார் அவர். குரலில் பழைய கம்பீரம் இல்லை.

"தெரியுதுங்க டீச்சர்."

"உன்ன வரிசையில பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்ச மூஞ்சின்னு பட்டுச்சு. சத்தியமா. இப்பக்கூடப் படுது. நீ திருடன் இல்லன்னா, உன்ன நான் எங்கே பார்த்தேன்?"

ஹாலித் அவர் கையிலிருந்த போனைப் பார்த்தான். திரையில் ஒட்டிய கண்ணாடியின் ஓரத்தில் அவன் கடையில் மட்டும் ஒட்டும் சின்னப் பச்சை ஸ்டிக்கர்.

"டீச்சர், இந்தக் கண்ணாடி எங்க போட்டீங்க?"

"இதுவா? பெரிய கடை வீதிக்குத் தங்கச்சியோட வந்தப்ப, பள்ளிவாசல் பக்கம் ஒரு கடையில..." விஜயராணி பாதியில் நிறுத்தினார். அவனைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார். "பேரம் பேசினேன்னு ஒரு தாடிக்காரன் முறைச்சானே!"

"முறைக்கலங்க டீச்சர். தாடி அப்படித்தான் இருக்கும்."

டீச்சர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்தினார். அழுகிறார் என்றுதான் ஹாலித் நினைத்தான். அழுகையும் இருந்தது. ஆனால் தோள் குலுங்கிய விதம் வேறு மாதிரி இருந்தது. "ஐயோ ரங்கா, ரங்கா" என்று மூச்சு வாங்கினார். "ஒரு கண்ணாடி ஒட்டினதுக்காடா உனக்கு ரெண்டு வருஷம் வாங்கிக் குடுத்தேன்?"

அவ்வளவுதான். ஹாலித்துக்கு அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சம்ரீன் ஓடி வந்து என்ன என்று கேட்டாள். சொல்ல முடியாமல் இருவரும் போனைக் காட்டினார்கள்.

"என் சங்கிலி போனது போனதுதான்" என்று எழுந்தார் விஜயராணி. மூக்கைத் துடைத்தார். முதுகு நிமிர்ந்தது. "ஆனா அந்த நிஜத் தாடிக்காரன் இன்னும் வெளியிலதானே சுத்துறான்? நான் இப்பவே ஸ்டேஷனுக்குப் போயி மொதல்லேர்ந்து விசாரிங்கன்னு எழுதிக் குடுக்கப் போறேன். நான் சொன்னது தப்புன்னும் எழுதிக் குடுப்பேன்." சொல்லிவிட்டு, பள்ளிப் பிள்ளைகளை அணிவகுப்பில் கூட்டிப் போவது போல விறுவிறுவென்று நடந்தார்.

வெளியே வெயிலில் ஜெஸிமா நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் பக்கத்தில் இருந்ததால் இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. பேசாததாலேயே இருவருக்கும் காது சிவந்துபோயிருந்தது. "நிக்காஹ் அடுத்த மாசம்" என்று நஸ்ருல்லா வானத்தைப் பார்த்துச் சொன்னான். "பள்ளிவாசல்ல பேசியாச்சு. தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே பேசியாச்சு. இவதான் பேசச் சொன்னா."

ஹாலித் ஜெஸிமாவைப் பார்த்தான். அவள் செருப்பு நுனியால் தரையில் எதையோ மும்முரமாகக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. நஸ்ருல்லா தங்கையைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போக, மிச்சமிருந்த கூட்டம் முழுக்க அந்த ஒரே ஆட்டோவில் ஏறப் பார்த்தது. காஜா மைதீன் நடுவில், ஜமால் டிரைவர் சீட்டில் பாதி, தெருக்காரர் இரண்டு பேர் பின்னால் மடியில் மடி. ஹாலித் ஒற்றைக் காலை வெளியே தொங்கவிட்டு ஒட்டிக்கொண்டான்.

"எங்கே போகணும்?" என்றார் டிரைவர்.

ஒருவர் பாலக்கரை என்றார். ஒருவர் பிரியாணிக் கடை என்றார். ஜமால் முக்கொம்பு என்றான். காஜா மைதீன் முதலில் பள்ளிவாசல் என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில் சிரித்தார்கள். டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவரும் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டார்.